பெரிய ஐயங்காரின் பஸ்

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே சுமார் 35 மைல். 1912இல் அந்த வழியில் ரயில் கிடையாது. புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானம். திருச்சியிலிருந்து அங்கே தண்டவாளம் வந்து சேர 1929 ஆகிவிட்டது. அதற்குத் தெற்கே செட்டிநாடு. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிக்கப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் தேக்குத் தூணும் இத்தாலியக் கல்லுமாக எழும்பிய வீடுகள். அந்த வீட்டுக்காரர் ஊர் திரும்ப வேண்டுமானால் கடைசியில் மாட்டுவண்டிதான். கையில் காசு உண்டு, அவசரமும் உண்டு, வண்டி மட்டும் இல்லை. அதைக் கண்டுகொண்டு அந்தச் சாலையில் மோட்டார் பஸ் விட்டவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார்.

அப்போது அவருக்கு வயது 35. 1877 மார்ச் 22 அன்று திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத் திருக்குறுங்குடியில் பிறந்தவர். நம்பி கோயில் ஊர், 108 திருப்பதிகளில் ஒன்று. அப்பாவின் ஆசைக்கு வக்கீல் தொழில், பிறகு ரயில்வே உத்தியோகம், பிறகு வங்கி என்று அந்தக் காலத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளைக்கு வாய்க்கக்கூடிய நாற்காலிகள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தார். ரயில்வேயில் இருந்தவர் ரயில் போகாத ஊருக்கு வண்டி விட்டார் என்பதை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் முதல் விஷயம். கால அட்டவணை என்ன செய்யும் என்று ரயில்வேயில் இருந்தவருக்குத் தெரியும். கடன் என்ன செய்யும் என்று வங்கியில் இருந்தவருக்குத் தெரியும். அவரும் அவர் பிள்ளைகளும் பின்னால் செய்தது எல்லாவற்றிலும் இந்த இரண்டு அறிவும் இருக்கிறது.

அவர் தொழில் பிறகு மதுரையில் வேரூன்றியது. நான் அதே மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்க்கிறான். நான் காலையில் போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, யாராவது பழைய வண்டிக்காரர் வந்தால் பேசிவிட்டு வருவேன். அப்பா அவருடைய டிவிஎஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். யுத்த காலத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து மேலே வந்தவர். அவர் சேர்ந்தபோது பொறுப்பெல்லாம் பிள்ளைகள் கைக்கு வந்திருந்தது. ஆனாலும் அப்பாவுக்கு முதலாளி என்றால் பெரிய ஐயங்கார்தான். பிள்ளைகளை ராஜம் ஐயா, கிருஷ்ணா ஐயா என்று பெயர் சொல்வார். அவரை மட்டும் பெயர் சொல்ல மாட்டார்.

மதுரை அன்று இரண்டு விதமாக மணி பார்த்த ஊர். ஒன்று ஹார்வி மில் சங்கு. இன்னொன்று டிவிஎஸ் பஸ். “பஸ் போயிருச்சு, இன்னும் உலை வைக்கலையா?” என்று என் அப்பத்தா அம்மாவை அதட்டுவாள். வீட்டில் கடிகாரம் இருந்தது, சாவி கொடுக்க மறந்துபோவார்கள். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று இந்த ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். பெருமையாகச் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திவிடுவார். ஒரு பஸ் நேரத்துக்குப் போக என்னென்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. அதற்கு ஃபிட்டர் மகனாகப் பிறந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பஸ்காரர் பலர் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருந்தவர்கள். ஆள் நிறைந்தால்தான் வண்டி புறப்படும். சந்தை நாளில் கூரைமேலும் ஏற்றுவார்கள், மற்ற நாளில் டிரைவர் காபிக் கடையில் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் ஊருக்குள் போய் ஆள் கூப்பிட்டு வருவார். முன்னால் போகிற வண்டியை முந்தினால் அடுத்த ஊர்க் கூட்டம் நமக்கு என்று சாலையில் பந்தயம் வேறு. ரூட் பெர்மிட், நேரப் பட்டியல் என்றெல்லாம் சர்க்கார் இறுக்கிப் பிடித்தது 1939 மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு வெகு முன்பே, பாதி சீட் காலியாக இருந்தாலும் சொன்ன நேரத்துக்கு வண்டியை எடுப்பது என்று ஒருவர் தீர்மானித்தால் முதல் கொஞ்ச நாள் நஷ்டம்தான். ஆனால் வண்டி வரும் என்று நம்பி வீட்டை விட்டுக் கிளம்புகிறவனுக்குக் கண்டக்டர் கூப்பிட வேண்டியதில்லை. வங்கியில் வட்டிக்குக் காத்திருந்து பழகியவருக்கு இந்தக் கணக்கு பிடிபட்டிருக்கிறது.

சொன்ன நேரத்துக்கு எடுத்தால் போதாது, நடுவழியில் நிற்காமல் போய்ச் சேர வேண்டும். சாலையெல்லாம் மாட்டு லாட ஆணி. பஞ்சர் ஆகாத பயணம் அதிர்ஷ்டம். பஸ் போவதற்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்று டிவிஎஸ்ஸைப் பற்றி ஒரு கதை உண்டு. கேட்டவர்களெல்லாம் ‘அடேயப்பா’ என்பார்கள். அப்பாவுக்கு அந்தக் கதை அவ்வளவு பிடிக்காது. “காந்தத்துலயாடா பஸ்ஸு ஓடுச்சு? ராத்திரி ஒர்க்‌ஷாப்புல ஓடுச்சு” என்பார். சாயங்காலம் வந்த வண்டி விடிவதற்குள் தயாராக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஆளைவிட முக்கியமாகச் சாமான் வேண்டும். பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது, பம்பாயிலிருந்து வரவேண்டும் என்று சொன்னால் நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சாமானை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைக்க வேண்டும். அடுக்கி வைத்தவருக்கு அதை மற்றவருக்கும் விற்கலாம் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு விற்பனையாளர், உதிரிப் பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், கார்களுக்கு சுந்தரம் மோட்டார்ஸ், பஸ்ஸும் லாரியும் ஓட்ட சதர்ன் ரோட்வேஸ் என்று கிளைத்தது இப்படித்தான். 1950களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் மிகப் பெரிய விநியோகஸ்தர் சுந்தரம் மோட்டார்ஸ்தான்.

இதற்கு நடுவில் யுத்தம். அப்பா அதிகம் பேசிய காலம் இதுதான், நானும் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

1941இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா போனதும் பர்மா எண்ணெயும் போயிற்று. அதற்கு முந்தைய மாதம் சிங்கப்பூர் விழுந்திருந்தது. மலாயா ரப்பர் போனதால் டயருக்கும் பஞ்சம். பெரிய ஐயங்காரின் முதல் பஸ்ஸில் ஏறி ஊர் திரும்பிய செட்டிநாட்டுக்காரர்களின் பணம் எங்கே இருந்ததோ, அங்கிருந்துதான் அவர் பஸ்ஸுக்கு வேண்டியதும் வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றாக அறுந்தன. பஸ் முதலாளிகள் பலர் வண்டியைக் கொட்டகையில் ஏற்றிவிட்டார்கள்.

டிவிஎஸ்காரர்கள் கரிவாயு அடுப்பு செய்தார்கள். ‘டிவிஎஸ் காஸ் பிளான்ட்’ என்று பெயர். தங்கள் வண்டிக்கு மட்டும் அல்ல, விற்பனைக்கும். வண்டியோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைப் போட்டுக் காற்றை அளந்து விட்டால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் ஆவியின் இடத்தில் அது எரியும். படிக்க எளிது. விடியற்கால பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளீனர் வந்து அடுப்பு மூட்ட வேண்டும். கைப்பிடி விசிறியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுவிடும். வாயு வருகிறதா என்று குழாய் முனையில் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார்கள். கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றால் தலை சுற்றும். மயங்கி விழுந்தவர்களும் உண்டு, அது விஷ வாயு. எஞ்சின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடப்பார்கள், சில சமயம் தள்ளவும் செய்வார்கள். டிக்கெட் வாங்கிவிட்டுத் தள்ளுகிறோமே என்று யாரும் சண்டைக்கு வரவில்லையாம். பெட்ரோல் இல்லாத காலத்தில் ஊர் போய்ச் சேர்வதே பெரிது.

அப்பாவின் வேலை அந்த வாயு போன வழியெல்லாம் படிந்த சாம்பலையும் தாரையும் சுரண்டுவது. வால்வு ஒட்டிக்கொள்ளும், பிஸ்டன் வளையம் பிடித்துக்கொள்ளும், நாளைக்கு ஒரு எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். “எனக்குத் தொழில் கத்துக் குடுத்தது அந்தக் கரிதான்” என்பார். தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையையும் டிவிஎஸ் வைத்தது. வாங்க முடியாத பொருளைச் செய்து பார்ப்பது என்ற பழக்கம் அந்த நிறுவனத்துக்குள் வந்தது யுத்தத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். இருபது வருஷம் கழித்துப் பிள்ளைகள் தொழிற்சாலை கட்டியபோது அது திடீரென்று வந்த யோசனை அல்ல.

பெயர்ப்பலகையில் ‘அண்ட் சன்ஸ்’ என்று இருந்தது. ஐந்து மகன்கள், அவர்களில் துரைசாமி தகப்பனார் இருக்கும்போதே காலமாகிவிட்டார். ராஜம், சந்தானம், ஸ்ரீனிவாசன், கிருஷ்ணா என்று நால்வர் தொழிலை எடுத்துச் சென்றார்கள். அவரைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகள் பஸ்ஸில் ஆரம்பித்து இந்த நால்வரில் முடிந்துவிடும். மகள் சௌந்தரம் பற்றி ஒரு வரி இருந்தால் உண்டு. ஒரு குடும்பத் தலைவரை எடைபோட அந்த ஒரு வரிதான் வேண்டும்.

சௌந்தரம் பிறந்தது 1904இல். அந்தக் காலத்து வழக்கப்படி சிறு பெண்ணாக இருக்கும்போதே உறவில் கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் டாக்டர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, தானும் அதில் இறந்துபோனார். சாகும் முன் மனைவியிடம் நீ மேலே படிக்க வேண்டும், மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னார் என்கிறார்கள். வைணவ ஐயங்கார் வீட்டில் இளம் விதவைக்கு அன்று என்ன காத்திருந்தது என்று என் தலைமுறைக்குக்கூடத் தெரியும், எங்கள் தெருவிலேயே மொட்டைப் பாட்டிகள் இருந்தார்கள். சுந்தரம் ஐயங்காரும் லட்சுமி அம்மாளும் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. டெல்லிக்கு அனுப்பினார்கள். லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல், 32 வயதில், டாக்டராக வந்தார்.

படிப்பில் வளைந்து கொடுத்த தகப்பனார் இரண்டாவது விஷயத்தில் வளையவில்லை. டெல்லியில் தோழி சுசீலா நய்யார் மூலம் காந்தியின் வட்டத்துக்குள் போன சௌந்தரம், ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். மலையாளி, சாந்திநிகேதனில் படித்தவர், ஹரிஜன சேவையில் இருந்தவர். விதவை மறுமணம், அதுவும் ஜாதி விட்டு. வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை. காந்தி அவசரப்படவில்லை. இருவரும் ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளாமல், கடிதமும் எழுதாமல் இருக்க வேண்டும், அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் பார்ப்போம் என்றார். மனம் மாறவில்லை. 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் காந்தி முன்னிலையில் கல்யாணம் நடந்தது. தகப்பனாருக்கு அப்போது 63 வயது.

இதில் அவர் மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கவும் எனக்கு மனமில்லை, பூசி மெழுகவும் மனமில்லை. மகளை டெல்லி வரை அனுப்பிவிட்டு, அங்கே போனவள் மதுரை மேலவெளி வீதி யோசனைகளோடு திரும்பி வருவாள் என்று எதிர்பார்த்த தகப்பன்தான் அவர். நம் வீடுகளில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன், இந்த இடத்தில் குரலை உயர்த்த எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் கடிகாரமாக வண்டி ஓட்டிய மனிதரின் வீட்டில் காலம் முந்திக்கொண்டு போன இடம் இது. மகளே அதை ஓட்டிப் போனாள்.

1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் அந்த அம்மாளும் ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். முதலில் சின்னதாக ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம், பிரசவம் பார்க்க. இன்று பல்கலைக்கழகம். சௌந்தரம் 1952, 1957 தேர்தல்களில் சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். நேரு அமைச்சரவையில் கல்வித் துணை அமைச்சராக இருந்தார். 1984இல் காலமானார். மதுரை – திண்டுக்கல் பஸ்ஸில் கண்டக்டர் காந்திகிராமம் என்று குரல் கொடுத்தால் நாலு பேராவது எழுந்து படிக்கட்டுக்கு வருவார்கள். என் தங்கைக்குத் தலைப்பிரசவம் அங்கேதான்.

ஐயங்கார் கடைசிக் காலத்தில் கொடைக்கானலில் இருந்தார். பொறுப்பைக் கைமாற்றிவிட்டு மலையேறியவர். தொண்டைக்குழிக்கு உயிர் வந்த பிறகும் கல்லாச் சாவியை விடாத முதலாளிகளை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதைச் சொல்லத் தோன்றுகிறது. 1955 ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார்.

அவர் போன வேளை தொழிலுக்கு நல்ல வேளை அல்ல. வெளிநாட்டு வண்டியைப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கும் வேலை இனி நடக்காது, உள்நாட்டில் தயாரிப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்று 1953இல் அரசாங்கம் சொல்லிவிட்டது. 1954இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிக்கொண்டு கிளம்பியது. மிகப் பெரிய விநியோகஸ்தருக்கு விநியோகிக்க எதுவும் இல்லாமல் போகும் நிலை. அதே 1954இல் சந்தானம் சென்னையில் இரண்டு லட்ச ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கினார், லாரி வாங்குகிறவனுக்குத் தவணைக் கடன் கொடுக்க. வங்கிகள் லாரிக்காரனைத் திண்ணையில்கூட உட்காரவிடாத காலம் அது.

பிறகு நடந்ததை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ்காரன் சொன்னால்தான் ருசிக்கும். சென்னைக்கு மேற்கே பாடி என்று ஓர் ஊர். திருவலிதாயம் என்று சம்பந்தர் பாடிய சிவன் கோயில் ஊர். அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1960இல் வீல்ஸ் இந்தியா: சக்கரம். 1961இல் லூகாஸ் டிவிஎஸ்: டைனமோ, செல்ஃப் ஸ்டார்ட்டர். 1962இல் பிரேக்ஸ் இந்தியா, அதே வருஷம் காற்றுப் பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டன். 1966இல் போல்ட் நட்டுக்கு சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். டன்லப், லூகாஸ், கிளேட்டன் டிவாண்டர் என்று இங்கிலாந்துக் கம்பெனிகளோடு கூட்டு வைத்து ஆரம்பித்தவை பல. எந்தக் கம்பெனி எந்த மகன் வழி, எந்தப் பேரன் வழி என்று என் கடையில் விலைப்பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடுவோம். அந்த வம்சாவளியை ஒரு காகிதத்தில் எழுதுவதைவிட ஒரு பஸ்ஸைப் பிரித்துத் தரையில் பரப்பிவிடலாம். சக்கரம் ஒரு வீடு, பிரேக் ஒரு வீடு, போல்ட் ஒரு வீடு, அதை வாங்கக் கடன் ஒரு வீடு. ஆனால் முழு பஸ்ஸை மட்டும் யாரும் செய்யவில்லை. சேஸிஸ் செய்கிறவன் யாராக இருந்தாலும் நம்மிடம்தான் வரவேண்டும் என்பது கெட்டிக்காரத்தனம். ராத்திரி ஒர்க்‌ஷாப்பில் சாமான் இல்லாமல் தவித்தவரின் பிள்ளைகளுக்குச் சாமானின் மதிப்பு தெரிந்திருந்தது.

பஸ் என்ன ஆயிற்று? 1972இல் தமிழ்நாடு அரசு பஸ்களை எடுத்துக்கொண்டது. மதுரையில் டிவிஎஸ் ஓட்டிய பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. அப்பாவும் வண்டிகளோடு சேர்ந்து அரசாங்கத்துக்குப் போனார். அதே எஞ்சின், அதே ஸ்பேனர், பேட்ஜ் மட்டும் வேறு. நாங்கள் அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தோம். பென்ஷனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். குக்கிராமத்துக்கெல்லாம் வண்டி போயிற்று, அதைத் தனியார் செய்திருக்க மாட்டார்கள் என்று அவரே ஒத்துக்கொண்டார். நேரம் என்று வரும்போது மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். பெரிய ஐயங்கார் எதை வைத்துப் பெயர் எடுத்தாரோ அந்தப் பஸ் அவர் குடும்பத்தின் கையை விட்டுப் போனது அந்த வருஷம்தான். இன்றைய பிள்ளைகளுக்கு டிவிஎஸ் என்றால் மொபெட், பைக். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த பிறகு, பஸ்ஸுக்கு நின்ற ஆள் பாதிப் பேர் அதில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான்கு வீடுகளும் ஆளுக்கு ஒரு கம்பெனியைப் பார்த்துக்கொண்டாலும் சொத்து பலகாலம் பொதுவாகவே இருந்தது. வெளியே ஒரு சண்டைச் சத்தம் கேட்டதில்லை. மார்வாடியோ செட்டியாரோ நாடாரோ, பெரிய குடும்பங்கள் கோர்ட்டுப் படியேறியதை நாங்கள் பேப்பரில் படித்தபோதெல்லாம் மதுரையில் “டிவிஎஸ்காரங்களைப் பாரு” என்பார்கள். 2022இல் அவர்களும் பிரித்துக்கொண்டார்கள். யார் எதை நடத்தினார்களோ அது அவர்களுக்கே என்று, முறையாகப் பேசி, தீர்ப்பாயத்தில் அனுமதி வாங்கி. எங்கள் கடைத்தெருவில் அன்று பெரிய கவலை. இனி ஏஜென்சி யாரிடம், டிஸ்கவுண்ட் யார் கொடுப்பார், பழைய பாக்கி யாருக்கு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மகன் போனை எடுத்து நாலு இடம் கேட்டான்.

மெக்கானிக் பையன்கள் கேட்பதில் ஒரு மாற்றமும் இல்லை. போன வாரம் ஒருவன் வந்து வீல் போல்ட் கேட்டான். எடுத்து வைத்ததும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“டிவிஎஸ்தானே அண்ணாச்சி?”

“ஆமாப்பா. அந்த வீட்டுச் சாமான்தான்.”

“அப்ப ரெண்டு செட்டாக் குடுங்க.”